ஏழு முறை எடுத்த நூல்

இத்தொகுப்பிற்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, ‘பள்ளி நூலகத்தின் இன்றியமையாமை’ என்னும் பொருளில் எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். அத்தகைய கட்டுரைகள் சிலவற்றை முன்பும் எழுதியிருக்கிறேன். பள்ளி ஆண்டு மலர்களில் அவை இன்றும் அமைதியாக உறங்குகின்றன. இம்முறை அவ்வாறு எழுத மனம் இடங்கொடுக்கவில்லை. என் பள்ளியில் நூலகப் பொறுப்பை ஏற்றிருந்த ஓர் ஆசிரியையைப் பற்றியும், அவர்முன் நான் தலைகுனிந்து நின்ற ஒரு பிற்பகலைப் பற்றியும் எழுதுவதே முறை என்று தோன்றிற்று. அதற்கு என் இளமையிலிருந்து தொடங்க வேண்டும்.

1970களின் பிற்பகுதியில், பேரா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் நான் படித்தேன். பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட கட்டடம். மழை பெய்தால் பாடம் நின்றுவிடும். ஆசிரியரின் குரல் எங்களை எட்டாது. நூலகம் என்று தனியறை ஏது? தலைமையாசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அதில் அறுபது எழுபது நூல்கள் இருந்திருக்கலாம். சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கும். கல்வி அதிகாரி வருகை தரும் நாளில் அலமாரி திறக்கப்படும்; நூல்கள் தூசு தட்டப்பட்டு மேசைமேல் பரப்பப்படும். அதிகாரியின் கார் தோட்டச் சாலையில் மறைந்ததும் அவை மீண்டும் உள்ளே போய்விடும். அந்தத் தலைமையாசிரியரைக் குறைகூற எனக்கு மனமில்லை. காணாமற்போகும் ஒவ்வொரு நூலுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். கிழிந்துபோனால் வேறு வாங்கப் பணமும் கிடையாது.

அலமாரிக்கு வெளியே எனக்கு ஒரு நூல் கிடைத்தது. தோட்டத்து மளிகைக் கடைக்காரர் பொட்டலம் மடிப்பதற்காக வைத்திருந்த பழைய தாள்களுக்கிடையே அது கிடந்தது. அட்டை இல்லை, தொடக்கமும் முடிவும் இல்லை. கெஞ்சிக் கேட்டு வாங்கிவந்தேன். விக்கிரமாதித்தனும் வேதாளமும் வரும் கதைகள். அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த, வாளேந்திய அரசன் தோளில் பிணத்தைச் சுமந்து செல்லும் படத்தைக் கிராணியார் வீட்டில் ஒருமுறை பார்த்திருந்தேன். ஆதலால் அந்தப் படமே என் கிழிந்த நூலுக்கும் படமாயிற்று.

எஞ்சியிருந்த கடைசித் தாளில் மூன்று அரசியர் கதை இருந்தது. முதல் அரசிமேல் கூந்தலிலிருந்த தாமரை விழுந்தது, காயம்பட்டுத் துடித்தாள். இரண்டாம் அரசிமேல் நிலவொளி பட்டது. உடலெங்கும் கொப்புளம் கண்டது. மூன்றாம் அரசி, எங்கோ ஒரு வீட்டில் நெல் குற்றும் உலக்கையொலியைக் கேட்டாள். அவள் கைகள் கன்றிப்போயின. மூவருள் மிக மெல்லியலாள் யார் என்று வேதாளம் கேட்டது. அத்துடன் பக்கம் முடிந்தது. விக்கிரமன் கூறிய விடை இருந்த தாளில் கடைக்காரர் யாருக்கோ கடுகு மடித்துக் கொடுத்துவிட்டார். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போகும் தாயின் மகனுக்கு அந்த மூவருமே பெரும் புதிராய்த் தோன்றினர். அந்தக் கதையை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. விடையைப் பல்லாண்டு கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நூலகத்தில் படித்தேன். அதற்குள் எனக்கென்று பல விடைகள் சேர்ந்துவிட்டிருந்தன.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. நான் பின்னர்த் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற பள்ளியும் தோட்டத்திலிருந்து சிற்றூருக்கு இடம்பெயர்ந்த பள்ளிதான். அங்கே நூலகத்திற்குத் தனியறை, மின்விசிறிகள், ‘பள்ளி வள மையம்’ என்னும் பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. கதவுக்குப் பூட்டும் இருந்தது. சாவி என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அலமாரிக் காலத்து வழக்கம் என்னையறியாமலே என்னோடு வந்துவிட்டது போலும்.

அவர் 2016இல் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். பெயரை எழுதுவதை அவர் விரும்பமாட்டார். ஆகவே பிள்ளைகளும் நானும் அழைத்தவாறே ‘டீச்சர்’ என்று குறிப்பிடுகிறேன். கணினி அறிந்தவர் என்பதற்காக அவரிடம் நூலகத்தை ஒப்படைத்தேன். நூல் அறிந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் வாரமே வந்து சாவியைக் கேட்டு வாங்கினார். அது திரும்பி வரவில்லை.

முன்னிருந்த ஆசிரியர் ஒருவர் எண்ணூறு நூல்களின் பட்டியலைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். புதிய கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியுமாகப் பொருளற்ற ஒரு கோலம் தெரிந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறிமுறையை வைத்திருந்த காலத்துப் பட்டியல் அது. அந்த எழுத்துரு இல்லையேல் அந்தத் தமிழும் இல்லை. முரசு அஞ்சலை உலகுக்குத் தந்த நாடு நம்முடையது. 1997இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. ஆயினும் எங்கள் எண்ணூறு நூல்கள் அதுவரை மொழியிழந்து கிடந்தன. டீச்சர் மாற்றுநிரல் ஒன்றைக் கொண்டு அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தார். கோலம் தமிழாயிற்று.

அடுத்து, எளிய நிரலொன்றால் பட்டியலை அகர வரிசைப்படுத்தினார். அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “டீச்சர், கணினிக்கு அகர வரிசை தெரியவில்லை” என்றாள். உண்மைதான். ‘மனம்’ முன்னும் ‘மரம்’ பின்னும் நின்றன. ஒருங்குறியில் னகரத்துக்கு நகரத்தை அடுத்தும், றகரத்துக்கு ரகரத்தை அடுத்தும் எண் தரப்பட்டிருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல், நெடுங்கணக்கின் கடைசியில் நிற்க வேண்டிய அவ்விரண்டையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. அதைச் சரிசெய்யும் வழியை டீச்சர் அன்றே அறிந்துகொண்டார். ஆனாலும் ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தார். பிழையொன்றைக் கண்டுபிடித்தால் ஒரு நூல் கூடுதலாக இரவல் என்று அறிவித்தார். அந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் நெடுங்கணக்கைக் கற்றதுபோல, என் பணிக்காலம் முழுவதிலும் நான் கற்பித்ததில்லை.

எண் ஒட்டுவதிலும் இடர்ப்பாடு இருந்தது. டியூவியின் பகுப்பு முறையில் தமிழிலக்கியத்துக்குரிய எண் 894.811. பதினாறு பக்கச் சிறுவர் நூலுக்கு முதுகே கிடையாது. அத்தனை இலக்கங்களை எங்கே ஒட்டுவது? ஒட்டினாலும் கதைநூல் அத்தனையும் ஓரெண்ணின்கீழ்க் குவிந்துவிடும். ஆகவே வண்ணத் தாள் ஒட்டினார். விலங்குக் கதைக்குப் பச்சை, சிரிப்புக்கு மஞ்சள், பேய்க்குக் கறுப்பு. கறுப்பு அடுக்குதான் முதலில் காலியாயிற்று.

அவருடைய மேசைக் கண்ணாடியின்கீழ் எஸ். ஆர். இரங்கநாதனின் படம் இருந்தது. சீர்காழியில் 1892இல் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். ஆளரவமற்ற நூலகத்தில் தனித்திருக்கப் பொறாமல் மீண்டும் வகுப்பறைக்கே ஓடிவிட நினைத்தார் என்பர். இலண்டன் சென்று நூலகவியல் பயின்ற பின்னர் மனம் மாறினார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கினார். ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் ஒன்று உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பன அவற்றுள் இரண்டின் கருத்து. பயிற்சிக் கல்லூரியில் அந்த ஐந்தையும் மனப்பாடம் செய்து தேர்வெழுதியவன் நான். தேர்வுத்தாளில் இறக்கி வைத்ததோடு சரி.

2018இல் டீச்சர் நூல்களின் பின்னட்டை உட்புறத்தில், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் நிறைந்த கியூ.ஆர். குறியீடுகளை ஒட்டத் தொடங்கினார். “என்ன டீச்சர், விலைச்சீட்டா?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தம் திறன்பேசியை ஒன்றின்மேல் காட்டினார். ஒரு சிறுமியின் குரல் எழுந்தது: “இந்தக் கதையில் ஆமை ரொம்பப் பாவம். கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள்.” அவ்வளவுதான். அந்த நூலை முன்பு படித்தவள், இனிப் படிக்கப் போகிறவருக்குச் சொன்ன சொல் அது. குறியீட்டுக்குள் குரல் இல்லை, குரல் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கிறது என்பதைக்கூட அன்றுதான் அறிந்தேன். பெற்றோர் கொடுத்த, கண்ணாடி விரிசல் கண்ட மூன்று பழைய திறன்பேசிகளே இதற்கான கருவிகள்.

இதற்கு அவர் சில நெறிகளை வைத்திருந்தார். நூலை முடித்தவரே பேசலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. பெயர் சொல்லக் கூடாது. ‘இது நல்ல நூல்’ என்று சொல்லி முடித்துவிடவும் கூடாது. (இக்கடைசி நெறியை நம் நூல் வெளியீட்டு விழாக்களுக்கும் விரிவுபடுத்தலாம்.) முழுக் கதையையும் வாசித்துப் பதிவு செய்வதற்குத் திறந்த உரிமம் உள்ள கதைகளையே எடுத்துக்கொண்டார். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் அத்தகைய தமிழ்க் கதைகள் கிடைத்தன. அவற்றை அச்சிட்டுத் தைத்து நூலாக்கினார். மூத்த மாணவர்கள் வாசித்த குரலை அவற்றோடு இணைத்தார். மற்ற நூல்களை நகலெடுத்துப் புலனத்தில் அனுப்பலாமே என்று ஓர் ஆசிரியர் சொன்னபோது, “எழுதியவருக்கு என்ன கொடுப்போம், சார்?” என்று கேட்டார். அந்தப் பேச்சு அத்துடன் நின்றது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி மூடப்பட்டது. எங்கள் பிள்ளைகள் பலரின் வீட்டில் ஒரே ஒரு திறன்பேசி; அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். காணொளி அனுப்பினால் தரவு தீர்ந்துபோகும். டீச்சர் இரவு எட்டு மணிக்கு, தந்தையர் வீடு திரும்பியபின், குரல்வழி ஒரு கதை அனுப்பினார். நானும் கேட்டேன். வீட்டில் பேரப்பிள்ளைகள் யாரும் இல்லை, எனக்காகவே கேட்டேன்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும், எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றவர் இத்தனை பேர் என்று மேடையில் அறிவித்துப் பழகிய வாய்க்கு வேறோர் எண் தேவைப்பட்டது. கல்வியமைச்சின் ‘நிலாம்’ வாசிப்புத் திட்டம் 1990களின் இறுதியிலிருந்து பள்ளிகளில் நடந்துவந்தது. படித்த நூல்களைப் பிள்ளைகள் பதிவு செய்வர். அதன் நோக்கம் நல்லது. அதன்மேல் நான் என் கைச்சரக்காக ஒரு போட்டியை ஏற்றிவைத்தேன். மாதந்தோறும் மிகுதியான நூல்களைப் படித்த வகுப்புக்குச் சுழற்கிண்ணம். ஒரே நூலை மீண்டும் எடுத்தால் கணக்கில் சேராது என்பது நானே வகுத்த விதி. ஏமாற்றைத் தடுப்பதற்கு என்று விளக்கமும் கொடுத்தேன். ஆசிரியர் கூட்டத்தில் டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேரமாகிவிட்டது என்று நான் கூட்டத்தை முடித்துவிட்டேன்.

2022இல் ஒரு திங்கட்கிழமை. பள்ளிச் சபைக்கூடலில் பட்டியலைப் படித்தேன். நான்காம் ஆண்டு வகுப்புக்குக் கிண்ணம் நழுவிவிட்டது. “அந்த வகுப்பில் ஒருவன் இரண்டு மாதத்தில் ஒரே ஒரு நூல்தான் படித்திருக்கிறான்” என்றேன். பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது.

பத்து நாள் கழித்து ஒரு பிற்பகலில் டீச்சர் என் அறைக்கு வந்தார். இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தார். ஒன்று நான் சபைக்கூடலில் படித்த பட்டியல். மற்றது, என் விதிப்படி கழிப்பதற்கு முன்னிருந்த இரவல் பதிவு. அதில் அந்தப் பையனின் பெயருக்கு நேரே ஏழு தேதிகள் இருந்தன. ஏழும் ஒரே நூல்.

“ஐயா, இவன் ஏமாற்றவில்லை. இவனுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தான்.”

அவன் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2019இல். எழுத்தைக் கூட்டி வாசிக்கும் பருவமாகிய இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளின் பெரும்பகுதி வீட்டிலேயே கழிந்தது. தாய் தொழிற்சாலையில் வேலை செய்பவர். பாட்டிக்கு எழுத்தறிவு இல்லை. பள்ளி திறந்தபோது நான்காம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டான். காதால் கேட்டதையெல்லாம் நினைவில் வைத்துச் சமாளித்தான். அவன் எடுத்த நூல், மூத்த மாணவி ஒருத்தி முழுக்கதையையும் வாசித்துக் குரல் கொடுத்திருந்த நூல். ஓய்வு நேரத்தில் பழைய திறன்பேசியோடு மூலையில் போய் உட்காருவானாம். முதல் சில முறை குரலுக்குப் பின்னால் விரல் ஓடியது. பிறகு குரலும் விரலும் சேர்ந்தன. ஏழாம் முறை, குரலை நிறுத்திவிட்டுத் தானே வாசித்துப் பார்த்தான்.

“சபைக்கூடலுக்குப் பிறகு அவன் நூலகத்துக்கு வரவில்லை, ஐயா.”

“இதை முன்பே சொல்லியிருக்கலாமே, டீச்சர்” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. அவரைப் பேசவிடாமல் நான் முடித்துவைத்த கூட்டம் இருவருக்கும் நினைவிருந்தது.

அவனுக்குத் தமிழும் மலாயும் கணக்கும் கற்பித்த எங்களில் எவருக்கும் தெரியாத ஒன்றைக் கணினி அறிந்திருந்தது என்று சொல்லிவிடலாம். அது சரியன்று. கணினியில் ஏழு தேதிகள்தாம் இருந்தன. நானும் அதே ஏழைப் பார்த்தவன்தான். பார்த்து ஆறை அடித்தவன். ஏன் ஏழு என்று கேட்டவர் ஒருவரே. மளிகைக் கடைத் தாளிலிருந்த ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படித்து ஆளானவன், அதே செயலைக் கணக்கில் சேராது என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன். அந்த மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கடுகு மடித்த தாளே நினைவில் நின்றது.

அடுத்த திங்கட்கிழமை விதியை நீக்கினேன். தவறு என்னுடையது என்று பிள்ளைகள் முன் சொன்னேன். கிண்ணம் அலுவலகத்து அலமாரிக்குப் போயிற்று. டீச்சர் இரவல் பதிவில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்: ‘எத்தனையாம் முறை?’ ஆனால் பையன் உடனே வந்துவிடவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் மானம் ஒரு மன்னிப்பில் திரும்பி வருவதன்று.

சில நாள் கழித்து டீச்சர், “ஐயா, உங்கள் குரலும் ஒன்று வேண்டும்” என்றார். கூச்சமாக இருந்தது. மூன்று அரசியர் கதையைச் சொன்னேன். வேதாளத்தின் கேள்வியைச் சொன்னேன். விடை இருந்த தாள் கடையில் பொட்டலமாகிவிட்டது, விடை அறிந்தோர் சொல்லலாம் என்று முடித்தேன். மின்விசிறியின் ஒலியும் சேர்ந்து பதிவாகிவிட்டது. டீச்சர் வெற்றுத் தாள்களைத் தைத்து, அட்டை போட்டு, குறியீட்டை ஒட்டிக் கறுப்பு அடுக்கில் வைத்தார். என் கதை பேய்க் கதையாம்.

விடைகள் வரத் தொடங்கின. தாமரை அரசி என்றான் ஒருவன். பூவுக்கே காயம்பட்டால் மற்றவற்றுக்கு என்ன ஆவாள் என்பது அவன் வாதம். நிலவு ஒவ்வோர் இரவும் வருமே என்று இரண்டாம் அரசிக்காக இரங்கினாள் ஒருத்தி. மூன்று பேரையும் தன் பாட்டியோடு ஒருநாள் செம்பனைத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்றாள் ஆறாம் ஆண்டு மாணவி. அதைக் கேட்டபோது என் தாய் நினைவுக்கு வந்தார்.

ஒன்பதாவது பதிவு அவனுடையது. எப்போது வந்தான் என்று நான் பார்க்கவில்லை, டீச்சரும் சொல்லவில்லை. மற்றவர்கள் வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவன் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறான். ஒரு நிமிட வரம்பையும் தாண்டிவிட்டது. ‘உலக்கை’ என்னும் சொல்லில் நின்று, இரண்டு முறை கூட்டிப் பார்த்து, மூன்றாம் முறை சொல்லிவிடுகிறான். மூன்றாம் அரசிதான் என்கிறான். மற்ற இருவரையும் ஏதோ ஒன்று தொட்டது, அவளை எதுவும் தொடவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது என்று காரணம் சொல்கிறான்.

அவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். விக்கிரமன் கூறிய விடையும் அதுவே என்பதை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.